தாமே ஏற்ற பங்கு

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமை வானூர்தியியலுக்கு ஈர்த்தவை, சென்னை எம்.ஐ.டி. கல்லூரியில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரு பழைய விமானங்கள். மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவற்றினருகே அமர்ந்திருப்பார்.

தாழப் பறந்து தாக்கும் விமானமொன்றை வடிவமைக்க ஐவர் குழு அமைந்தபோது, காற்றியக்க வடிவமைப்பையும் வரைபடத்தையும் அவரே ஏற்றார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை ஏனைய நால்வர் பகிர்ந்துகொண்டனர். புறவடிவம் உறுதியாகாமல் இறக்கை தாங்கும் பளுவையோ பொறியின் திறனையோ முடிவு செய்ய இயலாது. கலாம் தாமதித்தால் நால்வரும் காத்திருக்க வேண்டியதுதான்.

பணி பின்தங்கியது. பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு விதித்தார்; தவறினால் உதவித்தொகை நிற்கும். சேர்க்கைக் கட்டணத்துக்கே தமக்கை சோகரா தம் பொன்வளையல்களை அடகு வைத்திருந்தார். கலாம் இரவுணவையும் விடுத்து வரைபலகையின்முன் அமர்ந்தார். ஞாயிறன்று டென்னிசு உடையிலேயே வந்த பேராசிரியர், வரைபடத்தைக் கண்டு அவரைத் தழுவிக்கொண்டார்.