பிழைக்கத் தெரிந்தவன்

'அவன் பிழைக்கத் தெரிந்தவன்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டா, வசவா என்பது சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பற்றிச் சொன்னால் பாராட்டு. பாகப்பிரிவினையில் கிணற்றடி நிலம் கொழுந்தனுக்குப் போன அன்று அண்ணி சொன்னால் வசவு. பிழைப்பதும் பிழை செய்வதும் தமிழில் ஒரே வினை. யாரோ வேண்டுமென்றே வைத்த மாதிரி. 'பிழைக்கத் தெரியாதவன்' என்பதில் இந்தக் குழப்பம் கிடையாது, வெறும் பரிதாபம். என்னை அப்படிச் சொன்னவர்கள் உண்டு. 2017 கோடைக்குப் பிறகு யாரும் சொல்வதில்லை.

*

எங்கள் வீதியில் ஒரு அக்கா ஏலச்சீட்டு நடத்துகிறார். அக்காவையும் சேர்த்து 20 பேர், மாதம் 5,000, ஆக ஒரு லட்சம். (1982 சட்டப்படி சீட்டைப் பதிவு செய்ய வேண்டும். அக்காவுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.) முதல் மாதப் பணம் முழுதாக அக்காவுக்கு, நடத்துகிற கூலி. இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். திண்ணையில் ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம், மற்றவர்கள் போனில். யாருக்கு அவசரமோ அவர் தள்ளிக் கேட்பார்.

போன தடவை, மகன் காலேஜ் ஃபீஸுக்காக ஒருவர் 22,000 தள்ளி எடுத்தார். அவர் கையில் 78,000. தள்ளிய 22,000 இருபது பேருக்கும் பிரிந்து தலைக்கு 1,100. அந்த மாதம் எல்லோரும் 3,900 கட்டினால் போதும். 'எனக்கு முதலில் வேண்டும்' என்று அவர் கூச்சமில்லாமல் கேட்டார், அதற்கு விலையும் கொடுத்தார், அந்த விலை காத்திருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. யாரும் யாரையும் சுயநலக்காரன் என்று சொல்லவில்லை. அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்தார்.

அம்மா இதுவரை ஏலத்தில் வாய் திறந்ததில்லை. 'எனக்கென்ன அவசரம், மத்தவங்க எடுக்கட்டும்' என்பார். பெரிய மனசு என்று வீதியில் பேச்சு. ஒருநாள் அவருடைய நோட்டைப் புரட்டினேன். கடைசி ஆளுக்குத் தள்ளு கிடையாது, லட்சம் முழுசாக வரும். இருபது மாதத்தில் அம்மா கட்டியது 90,000 சொச்சம். ஓரத்தில் பென்சிலால் கழித்து வித்தியாசத்தையும் எழுதி வைத்திருந்தார். கேட்டதற்கு, 'கணக்குப் பாக்காம சீட்டுப் போடுவாங்களா?' என்றார்.

*

அதே அம்மா வீட்டில் கடைசியாகத்தான் சாப்பிடுவார். அடித் தோசை, வண்டல் ரசம், பொரியல் இருந்தால் இருந்தது. சீட்டில் கடைசி ஆளுக்கு லாபம். அடுக்களையில் கடைசி ஆளுக்குத் தள்ளுப் பணம் யாரும் பிரித்துத் தருவதில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25. மாதவிடாய், பிரசவம் என்று மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கீரையும் முட்டையும் எந்தத் தட்டில் முதலில் விழுகிறது என்பதும் அதில் சேர்த்திதானே. இதில் அம்மாவைத் தியாகி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். மலிவான கூலி அது. கொடுக்கிறவனுக்குக் கைக்காசு செலவில்லை.

*

'எனக்கு ஒண்ணும் வேண்டாம்' என்கிற உறவினர்களைக் கண்டால் எனக்குப் பயம். வேண்டும் என்கிறவரிடம் பேரம் பேசலாம். இவர்களிடம் வாங்கிய கடனுக்குத் தொகையும் தெரியாது, தவணையும் தெரியாது. முப்பது வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் நினைவுபடுத்துவார்கள்.

*

இனி அந்த 2017.

2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்கள். ஏப்ரலில் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் நின்று காற்று வந்தது. புதிதாகப் போட வேண்டியதாயிற்று. திருச்செங்கோட்டு ரிக் வண்டி கிடைப்பதே பெரும்பாடு, ராத்திரி பதினொன்றரைக்கு வந்து இறங்கியது. 500 அடி வரை வெறும் சாம்பல் நிறப் புழுதி. வீதி முழுக்க வாசற்படி, துளசிமாடம், காயப்போட்ட துணி எல்லாம் வெள்ளை. 640இல் ஈரம். 710இல் சேறு பீய்ச்சியடித்தது. 'ரெண்டு இஞ்சு தண்ணிங்க' என்றார் வண்டிக்காரர். நான் சட்டை நனைய நின்று சிரித்தேன். வீட்டிலும் முதல் முறையாக 'பரவாயில்லை, பிழைச்சுக்குவ' என்றார்கள்.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டோரம் வந்து நின்றார். அவர் போர் 420 அடி. 'உங்களுது போட்டதுல இருந்து எங்க மோட்டாரு காத்தைத்தான் தள்ளுதுங்க தம்பி.' குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

சட்டம் என் பக்கம். தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882 வசதியுரிமைச் சட்டமே நில உடைமையாளருக்குத் தருகிறது. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003இல் இங்கே தனிச் சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்து செய்தார்கள். தோட்டங்களுக்கு 1990இலிருந்து மின்சாரமும் இலவசம். பம்புசெட்டுகள் 20 லட்சத்துக்கு மேல். ஒவ்வொருவரும் அவரவர் வரம்புக்குள் சரியாகத்தான் இருக்கிறோம். திண்ணை ஏலம் மாதிரி, முந்துகிறவர் தள்ள வேண்டும் என்ற ஏற்பாடுதான் பூமிக்கு அடியில் இல்லை. கொஞ்ச நாள் பெரியவர் வீட்டுத் தொட்டிக்கு ஓஸ் போட்டுக் கொடுத்தேன். அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. தருமம் நிச்சயமாக இல்லை.

*

ஏரிப் பாசனத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது, சில ஊர்களில் இன்னமும் இருக்கிறது. மடை திறந்து வயல்வயலாகத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி. தெற்கே நீர்பாய்ச்சி என்பார்கள். பல ஊர்களில் அவருக்கு அந்த ஏரி பாயும் ஆயக்கட்டில் நிலம் இருக்காது. தன் வயல் என்று ஒன்று இல்லாததால் யார் பக்கமும் சாயமாட்டார் என்பது கணக்கு. கூலி, அறுவடையில் நெல்.

இதை நம் முன்னோர் ஞானம் என்று மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். சொந்த வயல் இல்லாதது அவர்களாக எடுத்த விரதம் அல்ல. வயல் வைத்திருந்தவர்கள் தங்கள் நலனை முதலில் பார்த்துக்கொண்டு, பாரபட்சமின்மையை இல்லாதவர் தலையில் வைத்தார்கள். ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். மடைக்காக வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் பல இருக்க, சண்டையில்லாமல் கடைமடை வரை தண்ணீர் போயிருக்கிறது.

*

நேற்றுக் காலை குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது. மோட்டார் மெக்கானிக் வந்து காது வைத்துக் கேட்டார். இன்னும் மூன்று பைப் இறக்கிப் பார்க்கலாம், 60 அடி, அதற்கு மேல் போனால் ஆயிரம் அடிக்குப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். ரிக் ஏஜெண்டிடம் அவரே போன் போட்டுக் கொடுத்தார்.

'இன்னைக்கே அட்வான்ஸ் போட்டு விட்டுருங்க சார்,' என்றது மறுமுனை. 'உங்க வீதியில இருந்தே இன்னொருத்தர் கேட்டிருக்காரு.'