அபேஸ், அபேஷ், அபேட்

மயிலாப்பூரில் ஐந்தெழுத்து என்றால் யாருக்கும் ஆங்கில அகராதி ஞாபகம் வராது. ந, ம, சி, வா, ய. கபாலீசுவரர் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். இதே மந்திரத்தை ஆங்கில எழுத்தில் எழுதினால் பத்து எழுத்து வரும், எண்ணிப் பாருங்கள்!

ஆனால் இந்தக் கட்டுரை அந்த ஐந்தெழுத்தைப் பற்றியது இல்லை. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஜி.ஆர்.ஈ. எழுதிய பிள்ளைகளைப் படாத பாடு படுத்திய ஐந்தெழுத்துச் சொற்களைப் பற்றியது.

பாரன்ஸ் புத்தகம் தெரியும்தானே? செங்கல் கனத்தில் இருக்கும். அதில் 3500 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. தி.நகர் மேன்ஷன் அறையிலும் அடையாறு வீட்டு மொட்டை மாடியிலும் அதை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் ஒரு லாபம். முன்னால் வைத்திருந்தவர் அடிக்கோடு போட்டே கொடுத்திருப்பார். அந்த அடிக்கோடு பெரும்பாலும் 'சி' வரைக்கும்தான் இருக்கும், அது வேறு கதை.

பட்டியலின் வாசலிலேயே மூன்று பேர் நிற்பார்கள். அபேஸ், அபேஷ், அபேட். மூன்றும் ஐந்தெழுத்து. மூன்றுக்கும் ஏ, பி, ஏ என்றே ஆரம்பம். முதல் இரண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. அபேஸ் என்றால் தாழ்த்துவது, இழிவுபடுத்துவது. அபேஷ் என்றால் கூச்சப்பட வைப்பது. அபேட் என்றால் தணிவது.

இதில் சென்னைக்காரனுக்கு ஒரு கூடுதல் தொல்லை. பர்ஸை 'அபேஸ்' பண்ணிட்டான் என்று கேட்டே வளர்ந்தவன் அவன். அபேஸ் என்றதும் அவனுக்குத் திருட்டுதான் ஞாபகம் வரும். அபேஷ் என்றால் காபியைக் குடித்துவிட்டுச் சொல்கிற 'பேஷ் பேஷ்' ஞாபகம் வரும். அதுவோ பாராட்டு, இதுவோ ஒருவரை நெளிய வைப்பது. நேர் எதிர்!

சிரிப்பாக இருந்தாலும் தேர்வில் இது சிரிக்கிற விஷயமாக இருக்கவில்லை. 2011 ஆகஸ்டுக்கு முன்பு ஜி.ஆர்.ஈ.யில் எதிர்ச்சொல் கேள்வி உண்டு. ஒரே ஒரு சொல், கீழே ஐந்து விடைகள். முன்னும் பின்னும் வாக்கியம் இல்லாததால் பொருளை ஊகிக்க வழியே இல்லை. கடைசி எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் போச்சு. கட்டணத்தை டாலரில் கட்டிவிட்டு, 'எஸ்-ஈ'யா 'எஸ்-எச்'சா என்று விழிக்க வேண்டியதுதான். கடன் வாங்கிக் கட்டின வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்லத் தேவையில்லை. 2011இல் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு, சொற்களை வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம்.

எல்லாருக்கும் ஒரே அளவு கஷ்டமும் இல்லை. காலையில் தாத்தா 'தி ஹிந்து' குறுக்கெழுத்தைப் போட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பேரனுக்கு இந்தச் சொற்கள் ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். (அந்தக் கட்டங்களை அமைத்தவர்களில் ஒருவர் செங்கல்பட்டில் பிறந்து 1958 முதல் 1962 வரை கடற்படைத் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் கட்டாரி!) தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வருஷம் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவனுக்கோ ஒவ்வொரு சொல்லும் முதல் சந்திப்பு. அபேட் என்பதை மழைச் செய்தியில் பத்து முறை படித்தவனுக்கு அது மழை தணிவது. மற்றவனுக்கு அது வெறும் ஐந்து எழுத்து.

வெறும் எழுத்தை வைத்தே ஜெயித்தவர்களும் உண்டு. 2003இலும் 2009இலும் உலக ஸ்கிராபிள் பட்டம் தாய்லாந்துக்காரர்களுக்குப் போனது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாடு அது. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்கிற நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, அகராதியைச் சில வாரங்கள் மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வாங்கினார். ஸ்கிராபிளில் பொருளை யாரும் கேட்பதில்லை. கேட்கிற இடத்தில், பட்டியல் வரிசையிலேயே உருப்போடுவதுதான் பெரிய ஆபத்து. ஒன்றுபோல இருக்கிற மூன்றையும் ஒரே நாளில் படித்தால் மூன்றும் குழம்பும். அபேட்டை மட்டும் இன்று படித்து, அபேஸைப் பத்து நாள் கழித்துத் தொடலாம். எது ஒன்றாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எந்த எழுத்தில் வேறாகிறது என்று பார்க்க வேண்டும்.

இதே வித்தை வேர்டில் விளையாட்டிலும் உதவும். ஜாஷ் வார்டில் உருவாக்கி 2021 அக்டோபரில் வெளியிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. ஐந்தெழுத்துச் சொல், ஆறு வாய்ப்பு. கடைசி நான்கு எழுத்தும் ஐ, ஜி, எச், டி என்று பச்சையாகிவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். அங்கேதான் ஆரம்பம்! ஃபைட், லைட், மைட், நைட், ரைட், சைட், டைட், அப்புறம் எயிட். சாதாரணமாகப் புழங்குகிற சொற்களே எட்டு. (அதில் ஒன்றின் பொருளே எட்டு.) ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் வாய்ப்பு தீர்ந்துவிடும். அதற்குப் பதில் 'ஃப்ளேம்' என்று போடுங்கள். எஃப், எல், எம், ஈ நான்கும் ஒரே அடியில் தெரிந்துவிடும். எதுவும் மாட்டவில்லையா? அடுத்து 'ஸ்நார்ட்'. அதில் எஸ், என், ஆர் மூன்றும் இருக்கின்றன. அதுவும் இல்லையென்றால் விடை டைட்தான்.