காலெட் காலடியான கதை

எங்க ஊர் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமே கிடையாது. 1717-ல் மதராஸ் கவர்னராக வந்த ஜோசப் காலெட் பெயரில் உண்டான நெசவாளர் பேட்டை. வாய்க்கு வாய் மாறி இப்படி ஆச்சு.

அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட்டும் அப்படித்தான். 'அடிபிகல் டக்டல் ஹைபர்பிளாசியா' என்றிருந்தது, கூடத்தைத் தாண்டுவதற்குள் 'கேன்சர்' ஆகிவிட்டது. அம்மா ஒரே அழுகை. நான் லீவ் லெட்டரில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். 'மார்பு' என்று எழுதக் கூச்சம்!

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது கேன்சர் இல்லம்மா. பால் குழாய்க்குள்ளே செல்கள் கொஞ்சம் கோணல்மாணலா பெருகியிருக்கு. ஆனா, பின்னால வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட நாலு மடங்கு. இப்படி இருக்கிற நூறு பேர்ல, 25 வருஷத்துல சுமார் முப்பது பேருக்கு வரலாம்."

"மிச்சம் எழுபது பேர்?" என்றாள் அக்கா.

"அதைத்தான் யாரும் கேக்கறதில்லை!"

தடுக்க ஒரு மாத்திரை உண்டாம். டமாக்சிஃபென். 1962-ல் கருத்தடைக்காகத் தயாரித்து, அதில் கோட்டைவிட்ட மருந்து! செல்லில் ஈஸ்ட்ரோஜன் உட்காரும் இடத்தில் இது முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடும், திருவொற்றியூர் பஸ்ஸில் நாம் சீட் பிடிக்கிற மாதிரி. சாப்பிட்டவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 1998-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. தொல்லையும் உண்டு: குப்பென்று உடம்பு சூடு, அபூர்வமாக ரத்தக்கட்டு, கர்ப்பப்பைப் புற்றுநோய்.

"நோயே இல்லாம அஞ்சு வருஷம் மாத்திரையா?" என்று மாமா இழுத்தார். அக்கா ஒரு வாரம் யோசித்தாள். "உடம்பு என்னுது. சாப்பிடறேன்" என்றாள்.

இது மூன்றாவது வருஷம். மேமோகிராமுக்குத் துணை நான்தான். இந்த முறை லீவ் லெட்டரில் 'அக்காவுக்கு மார்பகப் பரிசோதனை' என்றே எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் வொய்ஃபுக்கும் ஒரு கட்டி இருக்குப்பா... எந்த டாக்டர்?"