அண்ணியின் அம்மி

நோய் வந்தால் மருந்தைத் தேடுவதற்கு முன்னரே நாம் பழியைத் தேடுகின்றோம். பழி சுமத்த ஓர் ஆள் அகப்பட்டுவிட்டால், நோயின் காரணமே அகப்பட்டுவிட்டதாக மனம் அமைதி கொள்கிறது. இவ்வுண்மையை நான் என் அண்ணியாரின் அடுக்களையில் கற்றேன்.

என் அண்ணன் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாகப் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டில் அவருக்கு வயிற்றுவலி தொடங்கியது. நள்ளிரவில் எழுந்து, முழங்கால்களை வயிற்றோடு சேர்த்தணைத்தபடி விடியும்வரை அமர்ந்திருப்பார். இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் புண் என்றனர். சிமெட்டிடின் மாத்திரையால் ஆறிய புண், மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வந்தது. 1986இல் அறுவை செய்து இரைப்பையின் ஒரு பகுதியை அகற்றினர். ஆறு திங்களுக்குள், தைத்த இடத்தின் அருகிலேயே புதிய புண் தோன்றியது.

அப்போதுதான் குடும்பம் கூடித் தீர்ப்பு வழங்கியது. “அவள் கைக்குக் காரம் அதிகம்” என்றார் என் தாயார். நானும் வாளா இருந்தேனல்லேன். படித்தவன், ஆசிரியன் என்னும் மிடுக்கில், “அண்ணி, மிளகாயைக் குறைக்கக் கூடாதா? அண்ணனின் உயிரைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லையா?” என்று பிள்ளைகளின் எதிரிலேயே கேட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் அம்மியைக் கழுவி, வீட்டின் பின்புறம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

அதன்பின் அவ்வீட்டில் கஞ்சியும் மோரும் அவித்த காயுமே உணவாயின. எனினும் புண் ஆறவில்லை. வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அதற்கும் அண்ணியாரின் சமையலே காரணம் எனப்பட்டது.

1991இல் அண்ணனைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் உணவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “வயிற்றுப்போக்கு எத்தனை காலமாக இருக்கிறது?” என்றுதான் கேட்டார். காலையில் பசியாறுவதற்கு முன் இரத்தம் எடுத்து, அதில் காஸ்ட்ரின் அளவைப் பார்த்தார். இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. இரைப்பையிலோ அமிலம் மிகுந்திருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே இருப்பதே இந்நோயின் அடையாளம் என்றார்.

அவர் விளக்கியதை என் மாணவர்க்குச் சொல்வதுபோலவே இங்கும் சொல்கிறேன். நாம் உண்ணும்போது இரைப்பையின் கீழ்ப்பகுதி காஸ்ட்ரின் என்னும் இயக்குநீரை இரத்தத்தில் கலக்கிறது. அமிலம் சுரக்க வேண்டும் என்பதற்கு அது பள்ளி மணி போன்றது. போதிய அமிலம் சேர்ந்ததும் மணி நின்றுவிடும். அண்ணனின் உடலிலோ எங்கோ மறைந்திருந்த ஒரு கட்டி, உண்டாலும் உண்ணாவிட்டாலும் அம்மணியை ஓயாது அடித்துக்கொண்டிருந்தது. பெருகிய அமிலம் குடலைப் புண்ணாக்கியது. செரிமான நீர்களையும் செயலிழக்கச் செய்து வயிற்றுப்போக்கை உண்டாக்கியது. கஞ்சி குடித்தால் அந்த மணி நிற்குமா?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அறுவை மருத்துவர்களான ராபர்ட் சோலிஞ்சர், எட்வின் எல்லிசன் இருவரும் 1955இல் இந்நோயை விவரித்தனர். அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. அந்நாளில் இரைப்பை முழுவதையும் அகற்றுவதே உயிர்காக்கும் வழி. 1970களில் வந்த சிமெட்டிடின் ஓரளவு உதவியது. ஆனால் இந்நோயாளிகளுக்கு மிகப் பெரிய அளவில் தேவைப்பட்டது. 1980களின் இறுதியில் வந்த ஒமெப்ரசோல், அமிலம் சுரக்கும் வாயிலையே அடைத்தது. அம்மருந்தால்தான் எட்டாண்டுகளுக்குப் பின் அண்ணன் இரவில் உறங்கினார்.

ஆயினும் மருந்து மணியோசையை நிறுத்துவதில்லை. ஓசைக்கு அமிலம் எழாமல் தடுக்கிறது, அவ்வளவே. இத்தகைய கட்டிகளில் பல புற்றாக மாறும் தன்மையுடையவை. ஆதலால் 1992இல் மீண்டும் அறுவை நடந்தது. படத்தில் தெரியாத கட்டியை, முன்சிறுகுடலைத் திறந்து விரலால் தடவியே கண்டுபிடித்தனர். பயற்றளவே இருந்தது. அந்தப் பயற்றளவுக் கட்டிக்காக ஒரு பெண் எத்தனை ஆண்டுகள் தலைகுனிந்து நின்றாள்!

குடற்புண் எல்லாம் இந்நோயன்று. இது மிக அரியது. பெரும்பாலான புண்களுக்கு ஒரு நுண்ணுயிரே காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றனர். வலிநீக்கி மாத்திரைகள் மற்றொரு காரணம். இக்காரணங்களுள் மிளகாய் இல்லை.

அண்ணன் தேறிய பின்னரும் எங்கள் குடும்பத்தில் எவரும் அண்ணியாரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 1993 தீபாவளியன்று நான் போனேன்.

“அண்ணி, அம்மி எங்கே?”

“பின்னால் கிடக்கிறது, தம்பி. பாசி பிடித்திருக்கும். இப்போது எதற்கு?”

அதை நானே தேய்த்துக் கழுவித் தூக்கிவந்து, அடுக்களையில் பழைய இடத்தில் வைத்தேன். “நான் அன்று பேசியது தவறு, அண்ணி” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மிளகாயை எடுத்து வைத்து அரைக்கத் தொடங்கினார். நெடுநேரம் அரைத்தார்.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த ஓசை கேட்கிறது. பாடம் வராத மாணவனை, “இவன் வீட்டு வளர்ப்பு அப்படி” என்று சொல்ல நாவெழும்போதும் அதே ஓசைதான் என்னைத் தடுக்கிறது.