இரும்புக் குண்டுகளும் கூட்டாளிகளின் அமானிதமும்

கூட்டு வியாபாரம் பற்றிய ஃபிக்ஹுப் பாடத்தில் ஒரு விதியை மாணவர்களுக்கு எப்போதும் வலியுறுத்திச் சொல்வேன். கூட்டாளி என்பவர் அமானிதத்தைச் சுமந்தவர். இலாபத்தை ஒப்புக்கொண்ட விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம். நஷ்டத்தையோ அவரவர் முதலீட்டின் அளவுக்கேற்பவே ஏற்க வேண்டும். ஒருவர் வரம்பு மீறினார், அல்லது அலட்சியமாக இருந்தார் என்று உறுதியானால் மட்டுமே அந்த நஷ்டம் அவருடைய தனிப் பொறுப்பாகும். ஏட்டில் எளிதாகத் தோன்றும் இவ்விதியை ஒரு தொழிற்கூடத்தில் நிலைநாட்டுவது அத்தனை எளிதன்று.

என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர், கோவையில் இன்னொருவருடன் கூட்டுச் சேர்ந்து ஷாட் பிளாஸ்டிங் வேலையை ஜாப் ஒர்க்காகச் செய்து வருகிறார். பவுண்டரிகளிலிருந்து வரும் பம்ப்பு வார்ப்புகளின் மீது இரும்புக் குண்டுகளை வேகமாக எறிந்து, ஒட்டியிருக்கும் மணலையும் கசடையும் நீக்கும் தொழில் அது. எந்திரத்தின் பிளேடுகள் வழக்கமான காலத்தில் பாதிகூட உழைக்காமல் தேய்ந்துபோயின. "கூட்டாளி விலை குறைந்த குண்டுகளை வாங்கியதால் வந்த நஷ்டம் இது. இதை அவர்தானே ஏற்க வேண்டும், ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார்.

ஒரு துறையில் ஏற்பட்ட சேதத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் அத்துறையை அறிந்தவர்களிடம் கேட்க வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் வழி. ஆகவே, நீண்ட காலம் அந்த எந்திரங்களோடு பழகிய ஆபரேட்டர் ஒருவரிடம் விளக்கம் கேட்டேன்.

சுழலும் சக்கரம் குண்டுகளை விநாடிக்கு 70, 80 மீட்டர் வேகத்தில் எறிகிறது. வார்ப்பைத் தேய்க்கும் அதே குண்டுதான் பிளேடையும் உட்சுவரின் லைனரையும் தேய்க்கிறது. உருண்டையான எஃகுக் குண்டின் கடினம் ராக்வெல் அளவில் பொதுவாக 40 முதல் 50 வரை இருக்கும். முனைகள் கூர்மையான கிரிட் வகையில் 60ஐத் தாண்டுவதும் உண்டு. அது விரைவாகச் சுத்தம் செய்யும். எந்திரத்தையும் அதே விரைவில் அரிக்கும். வார்ப்பிலிருந்து மணலை நீக்க உருண்டைக் குண்டே பெரும்பாலும் போதும்.

அளவிலும் கணக்கு உண்டு. எஸ்-330 எனப்படும் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.85 மில்லிமீட்டர். விட்டம் இரு மடங்கானால் குண்டின் எடை எட்டு மடங்காகும்; ஒரு கிலோவில் இருக்கும் குண்டுகளின் எண்ணிக்கையோ எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே வேலையை முடிக்கக்கூடிய குண்டுகளில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுப்பதே முறை. புதிய குண்டுகளை மொத்தமாகக் கொட்டாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரியதும் சிறியதும் கலந்த சீரான கலவை நிலைத்திருக்கும்.

இதைக் கேட்டபோது 'ஸபஃ' அத்தியாயம் நினைவுக்கு வந்தது. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்த அல்லாஹ், கவசத்தின் வளையங்களைச் சரியான அளவோடு அமைக்குமாறும் அவருக்குக் கட்டளையிட்டான். நபியாக இருந்தவரின் தொழிலிலும் அளவு பார்ப்பது கடமையாக இருந்தது.

பிறகு அந்த ஆபரேட்டர், தொழிற்கூடத்தின் கலவையில் ஒரு பிடி அள்ளி அதன்மேல் காந்தத்தைக் காட்டினார். இரும்பெல்லாம் காந்தத்தில் ஏறியது. கணிசமான மணல் கையிலேயே தங்கியது. தேய்மானத்தின் முதற்காரணம் அதுவே. சிறிதளவு மணல் கலந்தாலும் பிளேடின் ஆயுள் வெகுவாகக் குறையும். மணலையும் தூசியையும் காற்றால் பிரித்தெடுக்கும் பகுதி அடைத்துக் கிடந்தது. மணல் அப்பிய வார்ப்புகளை உதறாமலே உள்ளே ஏற்றியிருந்தார்கள். விலை குறைந்த குண்டுகள் விரைவில் நொறுங்கியதும் உண்மைதான். ஆனால் அவற்றை வாங்கியவர் ஒருவர். எந்திரத்தைப் பராமரிக்காமல் விட்டவர்கள் இருவரும்.

ஆகவே, இதுவரை வந்த நஷ்டத்தை முதலீட்டின் விகிதப்படி இருவரும் ஏற்க வேண்டும் என்றேன். காரணம் தெரிந்த பிறகும் ஒருவர் அதே குண்டுகளை வாங்கினால், அல்லது பிரிப்பானைச் சுத்தம் செய்யாமல் விட்டால், அது அலட்சியம். அதன் பொறுப்பு அவரையே சேரும். இருவரும் இதை ஒப்புக்கொண்டார்கள்.

எனினும் அவர்களுடைய வழக்கில் இடம்பெறாத மூன்றாமவர் ஒருவர் இருந்தார். தூசியை இழுக்கும் கருவியின் பைகள் கிழிந்திருந்தன. எந்திரத்தருகே வேலை செய்த வடமாநிலத் தொழிலாளி, முகத்தில் ஒரு கைக்குட்டையை மட்டும் கட்டியிருந்தார். பிளேடைத் தேய்த்த மணலின் நுண்துகளைத்தான் அவர் நாள் முழுவதும் சுவாசித்தார். சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் குணமளிக்கும் மருந்து இல்லை. நமது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. மணலை எறிந்து வார்ப்புகளைச் சுத்தம் செய்வதைப் பிரிட்டன் 1949ஆம் ஆண்டின் விதிகளிலேயே தடைசெய்துவிட்டது.

பிளேடின் விலைக்காக இரு முஸ்லிம்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அந்தத் தொழிலாளியின் நுரையீரல் எவருடைய கணக்கேட்டிலும் ஏறவில்லை. கூலியை வியர்வை உலருமுன் கொடுக்க வேண்டும் என்று போதிக்கிறோம். அவர் மூச்சுக்குக் கேடு செய்துவிட்டு நேரத்தோடு கூலி கொடுத்தால் மட்டும் கடமை தீர்ந்துவிடுமா? தீங்கை அகற்ற வேண்டும் என்ற ஷரீஅத்தின் அடிப்படை விதி தொழிற்கூடத்தின் வாசலில் நின்றுவிடுவதில்லை.

தூசிப் பைகளை மாற்றி, தகுந்த சுவாசக் கவசம் வாங்கிக்கொடுத்து, அவருக்கு மருத்துவப் பரிசோதனையும் செய்த பிறகே இலாபத்தைப் பிரியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். பைகளை அந்த வாரமே மாற்றினார்கள், கவசமும் வந்தது. பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதாக வாக்களித்திருக்கிறார்கள். வாக்கும் அமானிதமே என்பதால், சந்திக்கும்போதெல்லாம் நினைவூட்டி வருகிறேன்.

இதைப் படிக்கும் சகோதரர்களில் தொழிற்கூடம் நடத்துவோர் பலர் இருப்பீர்கள். உங்கள் எந்திரத்தில் தேய்மானம் மிகுந்தால் அதன் காரணத்தைத் தேடுங்கள். அதே காரணம் அங்கே உழைப்பவரின் உடலையும் தேய்க்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் உழைப்பைத் தூய்மையானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்கி, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரின் உரிமைகளைப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.