தம்பியே சொல்லட்டும்



பிள்ளைகளை மிரட்ட ஜொகூர்க்காரர்களான எங்களிடம் ஒரு சொல் இருந்தது: தம்போய். அடம்பிடித்தால் தம்போய், தனியே சிரித்தால் தம்போய். அங்கே 1937-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கிறது. இப்போது அதன் பெயர் பெர்மாய். தெப்ராவிலிருந்து அதிகத் தூரமில்லை. அந்தச் சொல்லை என் சொந்தப் பிள்ளையைப் பார்த்தே நானும் சொல்லியிருக்கிறேன்.

1988-ஆம் ஆண்டு அது. இன்று பேரங்காடிகளும் வீடமைப்புப் பகுதிகளுமாக இருக்கும் தெப்ராவ் பக்கத்தில் அப்போது நாங்கள் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். மூத்தவன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தான். நாங்கள் இருட்டோடு பிரட்டுக்குப் போய்விடுவோம். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பினால், பள்ளிச் சட்டையோடு சுருண்டு படுத்திருப்பான். கேட்டால் வயிற்றுவலி என்பான். மாலையில் வலி இருக்காது. பள்ளி இல்லாத நாட்களில் அறவே இருக்காது. உங்களுக்கு என்ன தோன்றும்? எனக்கும் அதுதான் தோன்றியது. நடிக்கிறான் என்று நினைத்தேன். அவன் அப்பா பிரம்பை எடுத்தார். பாட்டி கோவிலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டினார்.

மூன்று மாதம் போனது. சட்டை தொளதொளத்துப் போன பிறகுதான் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, தமிழ் பேசும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். நன்றாகத் தூங்குகிறானா, கூட்டாளிகள் இருக்கிறார்களா, பள்ளியில் என்ன சாப்பிடுகிறான் என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் நானே முந்திக்கொண்டு, "நல்லாத்தாங்க இருக்கான்" என்றேன். அவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, தம்பியே சொல்லட்டும்."

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். இரவில் லயத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பானாம். வகுப்பில் மலாயில் கேட்டால் வாய் கட்டிக்கொள்ளுமாம், சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்களாம். ஓய்வு நேரத்தில் மணி அடிக்கும்வரை கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பானாம். நான் கொடுத்த காசையெல்லாம் அப்படியே சேர்த்து வைத்திருந்தான். ஒரே வீட்டில்தான் இருந்தோம். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, சகோதரிகளே.

டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் இன்று முறையான கேள்வித்தாள்களே இருக்கின்றன. பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க அமெரிக்காவில் உருவான ஒன்றில் 23 கேள்விகள். ஓட முடிகிறதா, பயமாக இருக்கிறதா, மற்றப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்களா, பாடத்தில் மனம் நிற்கிறதா என்ற போக்கில் போகும். பிள்ளைக்கு ஒரு தாள், பெற்றோருக்கு ஒரு தாள். இரண்டிலும் பதில் வேறுபடுவது சகஜமாம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. 2002-இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மனநோய் உள்ள பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை, உடல்நோய் உள்ள பிள்ளைகளுடையதைவிட மோசமாக இருந்தது தெரியவந்தது. கை ஒடிந்த பிள்ளைக்குக் கட்டாவது தெரியும். நம் நாட்டிலேயே 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, 5 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 4,24,000 பேருக்கு மனநலப் பிரச்சினை. இவர்களில் எத்தனை பேர் கையில் கயிறு மட்டும் கட்டியிருக்கிறதோ!

கயிற்றைக் குறை சொல்லவில்லை. டாக்டரம்மாவும் அவிழ்க்கச் சொல்லவில்லை. பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார், பிரம்பை மட்டும் ஒளித்து வைக்கச் சொன்னார். மாதம் ஒருமுறை போய் வந்தோம். அதற்காக ஒருநாள் பேர் போடாமல் போனால் கூலி போகும். அவன் அப்பா முணுமுணுத்தார், பிறகு அவரே அழைத்துப் போனார். உடனே குணமாகிவிடவில்லை. ஆகஸ்டில் ஒருநாள், பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனோடு மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டதாகச் சொன்னான். அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பெரிய சேதி அதுதான்.

அப்போது இல்லாத வசதிகள் இப்போது இருக்கின்றன. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியோடு முதல் படி ஏறலாம். வீட்டிலிருந்தே பேச 15555 என்ற எண்ணை 2022-இல் சுகாதார அமைச்சு தொடங்கியது. தம்போய் என்ற சொல்லை மட்டும் இன்னும் சில வீடுகளில் கேட்கிறேன்.

மகனுக்கு இப்போது ஐம்பது வயது. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது அந்த நாட்களைப் பற்றி மெல்லக் கேட்டேன்.

"கழிவறைக் கதவுல கிறுக்கி வெச்சிருந்ததப் படிச்சுப் படிச்சுத்தாம்மா மலாயே கத்துக்கிட்டேன்" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். பிறகு அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.