கயிற்றின்மேல் ஓர் இளமை

ஆனி, ஆடித் திங்களில் தென்காசிக்கு வருவோரை மழைக்கு முன்னர்க் காற்றே வரவேற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்து வந்து, காசி விசுவநாதர் கோவிலின் கோபுர வாயிலில் நிற்பவரைத் தள்ளிவிடப் பார்க்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோவில் இது. அதனைச் சுற்றி வளர்ந்த இவ்வூர், 2019 நவம்பரில் திருநெல்வேலியினின்று பிரிந்த தனி மாவட்டத்திற்குத் தலைநகராயிற்று.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஒரு மணி நேர நடைத் தொலைவே. இடையில் மேலகரம் என்னும் ஊர் உள்ளது. திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இதுவே. ஊர் ஊராய்த் திரிந்து குறிசொல்லும் சிங்கியையும், பறவை பிடித்து வாழும் சிங்கனையும் அந்தப் புலவர் 18ஆம் நூற்றாண்டிலேயே நாடக மாந்தராக்கினார். குறி கேட்ட தலைவி சிங்கிக்குப் பொன்னும் மணியும் அள்ளிக் கொடுப்பதாகப் பாடினார். நாடோடிக் கலைஞருக்கு இலக்கியத்தில் கிடைத்த அந்தச் சிறப்பை எண்ணிக்கொண்டே நாம் குற்றாலத்துக் கடைவீதியை அடைந்தோம்.

பேரருவியில் குளித்தெழுந்த கூட்டம் ஈர உடையோடு வீதியில் நெருக்கிக்கொண்டிருந்தது. மங்குஸ்தான் பழக் குவியல்களும், தேங்காயெண்ணெயில் பொரியும் நேந்திரங்காய் வறுவலின் மணமும் வழிநெடுக இருந்தன. கூத்தரசனின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திர சபை அமைந்த ஊர் இது. ஆடற்கலையைச் சுவரோவியத்தில் போற்றும் அவ்வூரின் சாலையோரத்தில், தரையில் முளையடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது ஒரு கழைக்கூத்துக் குடும்பம்.

இரு முனைகளிலும் மூங்கில்களைக் கத்தரிபோல் நிறுத்தி, அவற்றின்மேல் கயிற்றை இழுத்து முறுக்கினர். தந்தை மேளத்தைத் தட்ட, பதினைந்து வயது மதிக்கத்தக்க மகன் நீண்ட கழியொன்றைக் கையில் பிடித்து மேலே ஏறினான். அந்தக் கழி வெறும் அலங்காரமன்று. உடல் ஒருபுறம் சாயத் தொடங்கினால், கழியின் நீளம் அந்தச் சாய்வின் வேகத்தைக் குறைக்கிறது. நடப்பவன் தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடியை நம்பித்தான் அவன் நடக்கிறான். குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலேயே கயிற்றில் ஆடுவோருக்காகக் கொட்டப்படும் பறை உவமையாக வருகிறது. அத்துணைத் தொன்மையானது இக்கலை.

ஆட்டம் முடிந்ததும் அவனோடு சிறிது பேசினோம். நடக்கப் பழகிய சில ஆண்டுகளிலேயே தந்தையின் தோளிலிருந்து கயிற்றுக்கு மாறியவனாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. “ஒரு ஊர்ல ரெண்டு மாசம் இருந்தா அதிகம் ஐயா; எந்தப் பள்ளிக்கூடத்துல போய் உக்கார?” என்றான். அக்கேள்விக்கு நம்மிடம் உடனடி விடை இல்லை.

வாசகர்களே, கயிற்றில் நடந்த மற்றோர் இளைஞனை நம் குடும்பங்கள் நன்கறியும். இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் 1815இல் பிறந்த புனித தொன் போஸ்கோவே அவர். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தவர். சந்தைகளில் வித்தை காட்டுவோரைக் கூர்ந்து நோக்கி, வீடு திரும்பி, விழுந்து எழுந்து பழகினார். வித்தை பார்க்கும் கட்டணத்திற்காகப் பறவைகளைப் பிடித்து விற்றார் என்று அவரே எழுதியிருக்கிறார். நம் சிங்கனின் தொழில்தான்! பின்னர் இரு மரங்களுக்கிடையே கயிறு கட்டி அண்டை அயலாரைக் கூட்டினார். செபமாலை சொல்வதும், கேட்டுவந்த மறையுரையை அவர் திருப்பிச் சொல்லக் கேட்பதுமே நுழைவுக் கட்டணம்.

1831இல் கியேரி நகரில் படிக்கச் சென்றபின், ஞாயிறுதோறும் வித்தை காட்டித் தம் தோழரைக் கோவிலினின்று இழுத்த ஒரு வித்தைக்காரனைப் போட்டிக்கு அழைத்தார். ஓட்டம், வாய்க்காலைத் தாண்டுதல், கோலை விரல்நுனியில் நிறுத்துதல், மரமேறுதல் ஆகிய நான்கிலும் மாணவரே வென்றார். பந்தயத்தில் அந்த மனிதன் தன் கைப்பொருள் அனைத்தையும் இழந்து நின்றான். அப்போது போஸ்கோவும் தோழரும் செய்தது யாது? தங்களுக்கு ஒருவேளை விருந்து அளித்தால் போதும் என்று சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர். வித்தைக்குப் பின்னால் ஒரு வயிறு இருப்பதை வித்தை கற்றவனே அறிந்திருந்தான்.

இவ்விரு இளைஞரையும் ஒப்பிடுங்கால் ஓர் உண்மை புலனாகிறது. இருவரும் ஏறியது கயிற்றின்மேல்தான். ஆனால் போஸ்கோவுக்குக் கயிற்றிலிருந்து இறங்கிச் செல்ல ஒரு பள்ளி இருந்தது. எத்தனையோ தடைகளுக்குப் பின்னரேனும் அந்தக் கதவு திறந்தது. 1841இல் அவர் குருவானார். குற்றாலத்துச் சிறுவனுக்கோ கயிற்றைத் தவிர வேறு வழி காட்டப்படவில்லை. தெருவில் கலைஞனாவது இழிவன்று. வேறெதுவும் ஆக இயலாமையே துயரம்.

நாட்டின் சட்டமும் இந்த வயதில்தான் கைதளர்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பது பொதுவாகத் தடைசெய்யப்பட்டது. 14 முதல் 18 வரையுள்ளோருக்கு ஆபத்தான தொழில்கள் மட்டுமே தடையாயின. திரைப்படத்தில் நடிக்கும் சிறுவருக்கு விலக்களித்த அத்திருத்தம், சர்க்கஸை மட்டும் அவ்விலக்கினின்று நீக்கியது. அந்தரத்தில் ஆடும் உடலுக்கு நேரக்கூடிய தீங்கைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. ஆயினும் கூடாரமின்றிச் சாலையோரத்தில் ஆடும் பிள்ளையை எந்த அதிகாரி தேடிச் செல்கிறார்?

சாரல் விழாவுக்குக் குடும்பத்தோடு செல்லும் நாம் சிலவற்றையேனும் செய்யலாம். “இன்னும் உயரே! கண்ணைக் கட்டிக்கொண்டு நட!” என்று கூவாதிருக்கலாம்; அக்கூவலே ஆபத்தை விலைபேசுகிறது. காசை எறியாமல் கையில் கொடுக்கலாம். பெற்றோரிடம் பிள்ளையின் படிப்பைப் பற்றி மதிப்போடு விசாரிக்கலாம். தங்கள் பங்கின் எல்லையில் இத்தகைய குடும்பம் தங்கியிருப்பதை அறிந்தோர், அருகிலுள்ள பள்ளியிலோ விடுதியிலோ அந்தப் பிள்ளைக்கு இடம் கேட்டுப் பார்க்கலாம். இடர்ப்படும் குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணையும் நினைவில் வைத்திருக்கலாம்.

தொன் போஸ்கோவின் சபையினர் 1906இல் தஞ்சையில் வந்திறங்கியதுமுதல், ஏழைச் சிறுவரின் கல்விப்பணி நம் மண்ணில் நடந்துவருகிறது. அப்பணியைக் குருக்களுக்கும் துறவியருக்கும் மட்டுமே உரியதாக விட்டுவிடலாகாது. அருவியில் நனைந்து மகிழ்ந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதில் பங்குண்டு.